தோபியாவின் தட்டுமுட்டுகள்

(வேதபாடம்: நெகேமியா 13:4-13)

 

இந்த மாத வேதபாடத்தை ஒரு அறிக்கையோடு தொடங்குகிறேன். அடுத்தவன் வீட்டைப் பெருக்கச் சொல்லுகிறவன் முதலாவது தன் வீட்டுக் குப்பையைக் காட்ட வேண்டும் அல்லவா?

நம்முடைய சபையிலே ஒரு பெரியவர் இருந்தார். அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னே வந்து பாய் விரிப்பார். எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வாரம் தவறினதில்லை. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை அவருக்குத் திடீரென்று வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மகளுடைய போனிலிருந்து எனக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. அப்புறம் பேரனை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பத்தொன்பது விநாடிதான்.

"ஐயா, காலையில ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. ஒரு எட்டு வந்து இராப்போஜனம் குடுத்து ஜெபம் பண்ணிட்டுப் போங்க. எந்நேரமானாலும் முழிச்சிருப்பேன்."

நான் போகவில்லை. அந்தச் செய்தியை நான் கேட்கவேயில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேறொரு சகோதரன் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஓடினேன். ஐசியு வாசலில் நின்று ஜெபிக்க மட்டுமே முடிந்தது. சனிக்கிழமை விடியற்காலம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்தபின் மகள் என்னிடத்தில், "அப்பா ராத்திரியெல்லாம் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க பாஸ்டர்" என்றாள். துக்கத்தில் ஏதோ சொல்லுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ராத்திரி என் போன் மக்கர் பண்ணிற்று. இடம் இல்லை, ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று காட்டிற்று. சரி, கொஞ்சம் அழிப்போம் என்று உட்கார்ந்தேன். கீழே, கீழே போய்க்கொண்டே இருந்தேன். காலை வணக்கப் படங்கள், தங்கம் விலை, பிறந்தநாள் வாழ்த்து, யாரோ போட்ட பிரசங்க வீடியோ... அவைகளுக்கு நடுவிலே, பெயர் பதியாத ஒரு நம்பரிலிருந்து, இன்னும் கேட்கப்படாத ஒரு வாய்ஸ் மெசேஜ். அழுத்தினேன். பெரியவரின் குரல்.

பிரியமானவர்களே, அன்று ராத்திரி நான் அழுத அழுகையை ஆண்டவர் அறிவார். போனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? போன் சரியாகத்தான் செய்தியைக் கொண்டுவந்து வைத்தது. அதை வைக்க வேண்டிய இடத்தில் நான் என்னத்தையெல்லாமோ ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன், 43 குரூப்! வேலை செய்கிற இடத்துக் குரூப், தெருக் குரூப், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் குரூப், பத்தாம் வகுப்புத் தோழர்கள் குரூப், ஊழியர் ஐக்கியம் என்ற பெயரிலேயே ஆறு குரூப். சத்தம் தாங்காமல் இரண்டு வருஷமாகப் போனை சைலண்டிலேயே போட்டு வைத்திருந்தேன். ஆகவே முக்கியமான சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

அந்த வாரம் கர்த்தர் என்னை நெகேமியா 13-ம் அதிகாரத்துக்கு நடத்தினார். அதைத்தான் உங்களோடு படிக்க விரும்புகிறேன். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. அந்த அறை எதற்காக இருந்தது?

எருசலேம் தேவாலயத்தில் ஒரு பெரிய அறை இருந்தது. வேதாகமக் கல்லூரியில் படித்தபோது எங்கள் போதகர் இதற்கு எபிரெயத்தில் 'லிஷ்கா' என்று பெயர் என்று சொல்லிக் கொடுத்தார். ஆலயத்தை ஒட்டின களஞ்சிய அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலே காணிக்கையும், தூபவர்க்கமும், ஆலயத்துப் பணிமுட்டுகளும், தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றின் தசமபாகமும் வைக்கப்படும். லேவியரும் பாடகரும் வாசல் காவலாளரும் அதிலிருந்துதான் தங்கள் பங்கைப் பெறுவார்கள் (நெகே. 13:5). அதாவது அந்த அறை வெறும் அறை அல்ல. ஒருவருக்குச் சேர வேண்டியதை, சேரும்வரை பத்திரமாய் வைத்திருக்கிற இடம்.

உங்கள் கையிலிருக்கிற செல்போனும் அப்படிப்பட்ட ஒரு அறை. நோயாளியின் ஜெப விண்ணப்பம் அதற்குள் வருகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகனின் முகம் அதற்குள் வருகிறது. பேங்க் கணக்கு அதற்குள் இருக்கிறது. வேதாகமமும் அதற்குள் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1714-ல் அச்சிட ஆரம்பித்து 1715-ல் முடித்தார். நம் முன்னோர்கள் அப்படி ஒரு புத்தகத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். இன்றைக்கு முழு வேதாகமமும் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது? எண்பது ஐகானில் எண்பதாவதாய், மூன்று பக்கம் தள்ளிய பிறகு இருக்கிறது! விளையாட்டு முதல் பக்கத்தில் இருக்கிறது. இது அறையின் குற்றமா, அறைக்காரனின் குற்றமா?

2. தோபியா எப்படி உள்ளே வந்தான்?

தோபியா யார்? எருசலேமின் அலங்கம் கட்டப்பட்டபோது ஒரு நரி ஏறினாலே அது இடிந்துபோகும் என்று பரிகாசம் பண்ணின அம்மோனியன் (நெகே. 4:3). அப்படிப்பட்டவன் ஆலயத்துக்குள்ளே குடியேறிவிட்டான். கதவை உடைத்தா வந்தான்? இல்லை. எலியாசிப் என்னும் ஆசாரியனே அறையை ஆயத்தம்பண்ணிக் கொடுத்தான். ஏன்? இரண்டு பேருக்கும் சம்பந்தம் இருந்தது. தாட்சண்யம்! முகத்துக்கு அஞ்சி மறுக்கத் தெரியாத பலவீனம்! நெகேமியாவோ அப்பொழுது எருசலேமில் இல்லை, ராஜாவினிடத்துக்குப் போயிருந்தார் (நெகே. 13:6). விழித்திருக்கிறவன் இல்லாத நேரத்தில் வேண்டாதது உள்ளே வந்தது.

என் 43 குரூப்பும் இப்படித்தான் வந்தது. "ஐயா, உங்களையும் சேர்த்திருக்கோம்" என்பார்கள். வெளியே வந்தால் வருத்தப்படுவார்களே என்று இருந்துவிடுவேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இன்டர்நெட் மலிவாயிற்று. அதற்கு முன் ஒரு படம் இறக்கவே காசு கணக்குப் பார்த்த நாம், அதன் பிறகு எல்லாவற்றையும் தானாக இறங்கும்படி விட்டுவிட்டோம். யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. எலியாசிப்பைப் போல நாமே அறையை ஆயத்தம்பண்ணிக் கொடுத்தோம்.

பார்வர்டு செய்தியைக் குறித்து ஒரு வார்த்தை. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச்செய்தி வாட்ஸ்அப்பில் பரவி, நாட்டில் பல இடங்களில் அப்பாவி ஜனங்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வருஷம் மே மாதம் நம்முடைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வயதான ஒரு அம்மாள் அப்படி மாண்டார்கள். அதன்பின் ஜூலை மாதத்தில், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பார்வர்டு பண்ண முடியாதபடி அந்த நிறுவனம் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறின செய்தியை ஒரு தடவையில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். உலகத்தாரே வாசலுக்குக் காவல் வைத்திருக்க, விசுவாசியாகிய நாம் ஆராயாமல் "பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்" என்பதை அனுப்பிக்கொண்டிருக்கலாமா? ஆசீர்வாதம் கர்த்தரிடத்திலிருந்து வருகிறது. பார்வர்டு பட்டனிலிருந்து வருவதில்லை.

3. நெகேமியா வெளியே எறிந்தார்

நெகேமியா திரும்பி வந்தார், கண்டார், மிகவும் விசனப்பட்டார். தோபியாவோடு பேச்சுவார்த்தை நடத்தவில்லை. அவன் வீட்டுத் தட்டுமுட்டுகள் எல்லாவற்றையும் அறைக்கு வெளியே எறிந்துவிட்டார் (நெகே. 13:8).

ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் முடியுமா என்று மலைத்துப் போகாதிருங்கள். எசேக்கியா ராஜாவின் நாளில் ஆலயத்தைச் சுத்திகரித்தபோது எத்தனை நாள் ஆனது தெரியுமா? முதல் மாதம் முதல் தேதி ஆரம்பித்து, பதினாறாம் தேதி முடித்தார்கள் (2 நாளா. 29:17). ஆசாரியர்கள் உள்ளே போய் அசுத்தத்தைப் பிராகாரத்துக்குக் கொண்டுவர, லேவியர்கள் அதை எடுத்துக் கீதரோன் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளேயிருந்து வெளியே, ஒவ்வொரு பகுதியாக. நானும் அப்படியே ஒரு நாளைக்கு அரைமணி நேரம் என்று பதினாறு நாள் வைத்துக்கொண்டேன். நான் செய்த ஒழுங்கைச் சொல்லுகிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

முதலாவது, குரூப்புகள். ஒவ்வொன்றாய்த் திறந்து, "இதிலே நான் யாருக்காவது ஊழியம் செய்கிறேனா? யாராவது எனக்குச் செய்கிறார்களா?" என்று கேட்டேன். இரண்டுக்கும் இல்லை என்றால் வெளியே வந்தேன். வெளியே வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். 2022 முதல் குரூப் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது. 43-ல் மீந்தது 11.

இரண்டாவது, பெரிய குப்பை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்பதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறது. அதில் 5 எம்பிக்கு மேற்பட்ட பைல்களையும், பலமுறை பார்வர்டு ஆனவைகளையும் தனித்தனியே காட்டும். ஒரே மாதிரி வீடியோ நாலு குரூப்பிலிருந்து நாலு தடவை வந்து கிடப்பதை அங்கே பார்ப்பீர்கள். நிதானமாய்ப் பார்த்து அழியுங்கள்.

மூன்றாவது, கேலரி. ஒரே போட்டோவை ஏழு தடவை எடுத்திருப்போம். நல்லதில் ஒன்றை வைத்துவிட்டு ஆறை எடுத்துப்போடுங்கள். மங்கலானது, தவறிப்போய் தரையைப் படம் பிடித்தது, பழைய பில், பழைய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போகட்டும்.

நான்காவது, ஆறு மாதமாய்த் தொடாத ஆப்கள். ஐந்தாவது, ஈமெயில். என் கூகுள் கணக்கில் இலவசமாய்க் கிடைத்த இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் மாதத்துக்கு முன் போட்டோக்களைக் கணக்கில் சேராமல் ஏற்ற ஒரு வழி இருந்தது, அது முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்பொழுது அந்த 15-க்குள்தான் அடங்க வேண்டும். அது நிரம்பிப் போனால் உங்களுக்கு மெயில் வராது. மகனுக்கு வேலை உத்தரவு வந்தாலும் உள்ளே வர இடமிராது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவைப் பொறுக்கினார்கள். அன்றன்றைக்குரியது அன்றன்றைக்கு. நாளைக்கும் இருக்கட்டும் என்று விடியுமட்டும் வைத்துக்கொண்டவனின் மன்னா புழுத்து நாற்றமெடுத்தது (யாத். 16:20). தேவன் கொடுத்த அப்பமே அப்படியானால், "அப்புறம் பார்க்கலாம்" என்று நாம் சேர்த்து வைத்திருக்கிற இருநூறு பிரசங்க வீடியோக்கள் எப்படியிருக்கும்! வைத்துக்கொண்டதனால் நாம் அதைக் கேட்டவர்களாகிவிட மாட்டோம்.

4. நெகேமியா அறையைச் சுத்திகரிக்கச் சொன்னார்

எறிந்ததோடு நிறுத்தவில்லை. அறைகளைச் சுத்திகரிக்கும்படி கட்டளையிட்டார் (நெகே. 13:9). சாமானை எடுப்பது ஒரு வேலை, கறையை எடுப்பது இன்னொரு வேலை.

சகோதரரே, வாலிபத் தம்பிகளே, நேராகவே சொல்லிவிடுகிறேன். போனுக்குள்ளே மறைத்து வைத்து, பாஸ்வேர்டு போட்டு, மனைவிக்குக் காட்டாத பக்கம் ஏதாவது உண்டா? ஆகான் தன் கூடாரத்தின் நடுவே பூமிக்குள் புதைத்து வைத்தான் (யோசுவா 7:21). அவன் வீட்டார்கூட நல்ல கூடாரம் என்றுதான் நினைத்திருப்பார்கள். இஸ்ரவேல் ஆயி பட்டணத்தாருக்கு முன்பாக முதுகு காட்டி ஓடியதற்குக் காரணம் அந்தப் பூமிக்குள் இருந்தது. இன்றைக்கு அநேகருடைய ஜெபத்தில் பலமில்லை. காரணம் ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்கிற காரியங்களில் இருக்கிறது. எபேசு பட்டணத்தில் எழுப்புதல் உண்டானபோது, மாயவித்தைப் புஸ்தகங்களை வைத்திருந்தவர்கள் அவற்றைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். அதன் கிரயம் 50,000 வெள்ளிக்காசு (அப். 19:19). விற்றால் காசு வருமே என்று அவர்கள் நினைக்கவில்லை. எழுப்புதல் வந்தால் கை தானாக அழிக்கும். அல்லேலூயா!

சுத்திகரிப்பில் இன்னொரு காரியம் உண்டு. இது ஊழியக்காரருக்கும், ஜெபக்குழுவை நடத்துகிற சகோதரிகளுக்கும் விசேஷமாய்ச் சொல்லுகிறேன். ஜனங்கள் நம்மை நம்பி மருத்துவ ரிப்போர்ட், ஆதார் அட்டை, பாஸ்புக், கடன் பத்திரம் என்று போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். என் கேலரியில் மட்டும் அப்படி அறுபதுக்கும் மேலே கிடந்தது. கல்யாணம் பேசின பிள்ளைகளின் ஜாதகம் போல ஒளிக்க வேண்டிய விவரங்களும் இருந்தது. போன் தொலைந்துபோனால்? என் சின்ன மகன் விளையாடும்போது எங்கேயாவது அனுப்பிவிட்டால்? இரகசியத்தை மூடிக்காக்கிறவனே உண்மையுள்ளவன் என்பதல்லவா நீதிமொழிகள் 11:13-ன் போதனை? ஜெபித்து முடித்த பிறகு அந்த ரிப்போர்ட் என்னிடத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அனுப்பினவரிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அழித்துவிட்டேன்.

அப்படியே, தெரியாத பைலைத் திறக்காதிருங்கள். கல்யாணப் பத்திரிகை என்று பெயர் போட்டு ஏபிகே பைல் வரும். தொட்டால் போனுக்குள் திருடன் புகுந்துவிடுவான். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு உட்கார்ந்திராமல் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். சீக்கிரமாய்ச் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு.

5. பணிமுட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்

இதுதான் இந்தப் பாடத்தின் இருதயம். அதே 9-ம் வசனத்தின் பிற்பகுதியைக் கவனியுங்கள். காலியான அறையை நெகேமியா காலியாக விடவில்லை. ஆலயத்துப் பணிமுட்டுகளையும், காணிக்கையையும், தூபவர்க்கத்தையும் திரும்ப அதற்குள் வைத்தார்.

காலி பண்ணுவது மட்டும் பரிசுத்தம் அல்ல. பெருக்கி ஜோடித்து வெறுமையாய் வைத்த வீட்டுக்கு, போன ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததை இயேசு சொல்லியிருக்கிறார் (மத். 12:43-45). போனில் ஒரு ஆப்பை அழித்துவிட்டு, மூன்றாம் நாள் வேறு பெயரில் இரண்டு ஆப் ஏற்றினவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்!

இங்கே அந்தப் பெரியவரின் வாய்ஸ் மெசேஜுக்குத் திரும்பி வருகிறேன். அந்தத் திங்கட்கிழமை ராத்திரி ஒரு சகோதரன் எனக்குச் சொன்னார்: "பாஸ்டர், ஒவ்வொண்ணா அழிச்சா முடியாது. மொத்தமா ரீசெட் பண்ணிருங்க. புதுப் போன் மாதிரி ஆயிரும்." நானும் சரி என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்தொன்பது விநாடியும் அதோடு போய்விட்டால் நல்லது என்று மாம்சம் நினைத்தது. என் குற்றத்துக்கு அது ஒன்றுதானே சாட்சி!

ஆவியானவர் விடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். மகளிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். போனை நடுவிலே வைத்து அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டி, "அம்மா, அப்பா கூப்பிட்டாங்க. நான் வரல. என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை போடுங்க பாஸ்டர்" என்றாள். மூன்று தடவை கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அப்பா குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல. என் போனை மாத்தினப்ப எல்லாம் போயிருச்சி. அதை மட்டும் அழிச்சிராதீங்க."

பிரியமானவர்களே, என் அறையிலே குப்பையோடு குப்பையாய்க் கிடந்தது ஒரு குடும்பத்தின் பரிசுத்த பாத்திரம். மொத்தமாய் எரித்திருந்தால் அதுவும் போயிருக்கும். தோபியாவின் தட்டுமுட்டுகளை எறிகிறவனுக்கு, எது தோபியாவுடையது, எது ஆலயத்துடையது என்று பிரித்தறிய வேண்டும். ஐயாயிரம் பேரைப் போஷித்த பிறகு, ஒன்றும் வீணாகாதபடி மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடை நிறைந்தது (யோவான் 6:12,13). அற்புதம் செய்ய வல்லவர் துணிக்கையையும் விட்டுவிடவில்லை.

ஆகவே அழிக்கும் முன்னே சேருங்கள். பெற்றோரின் குரல், பிள்ளையின் ஞானஸ்நானப் படம், சாட்சிகள், வீட்டுப் பத்திரத்தின் நகல் இவைகளைத் தனியாக ஒரு போல்டரில் போட்டு, மனுஷர் வாசிக்கிற பெயர் கொடுங்கள்: 'அப்பா குரல் 2024', 'மகள் ஞானஸ்நானம் 2019' என்று. போனில் ஒன்று, வெளியே பென்டிரைவிலோ டிரைவிலோ ஒன்று, ஆக இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது தொலைந்துபோகக் கூடியது. பெரியவரின் செய்தியை அவர் மகளின் போனிலும் பேரனின் போனிலும் பதித்துக் கொடுத்தேன். என்னிடத்திலும் ஒன்று இருக்கிறது. அதை நான் அழிப்பதில்லை. வேதாகமத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். விசுவாசிகளின் நம்பர்கள் எல்லாவற்றையும் பெயரோடு பதித்தேன். அவர் மகளின் நம்பர் என்னிடத்தில் பெயரில்லாமல் இருந்ததுதானே அன்றைய முதல் தவறு!

6. உண்மையுள்ள காவலரை வைத்தார்

கடைசியாக, நெகேமியா களஞ்சிய அறைகளின்மேல் உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட மனுஷரை ஏற்படுத்தினார் (நெகே. 13:13). சுத்தம் ஒரு நாள் வேலை என்றால் தோபியா மறு வாரம் வந்துவிடுவான். நான் வைத்திருக்கிற காவலர்கள் நாலு பேர்.

ஒன்று, வாசற்காவலன். பிரைவசி செட்டிங்ஸில் என்னைக் குரூப்பில் சேர்க்க என் காண்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று வைத்துவிட்டேன். படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு, சத்தம். குரூப்புகள் எல்லாம் மியூட். ஆனால் போன் சைலண்டில் இல்லை. தனி மனுஷர் கூப்பிட்டால் மணி அடிக்கும். ராத்திரியிலும் அடிக்கும்.

மூன்று, ஜெப நோட்டு. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் பாஸ்டர் வீட்டுச் சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். வருகிற இன்லண்ட் லெட்டர், போஸ்ட் கார்டு எல்லாவற்றையும் அதில் குத்தி வைப்பார். ஆனால் ஜெபித்து, பதில் எழுதின பிறகுதான் குத்துவார். குத்தாத கடிதம் மேஜைமேல் வேதாகமத்துக்குள் இருக்கும். எனக்கும் இப்பொழுது நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறது. போனில் வருகிற ஜெப விண்ணப்பத்தை அன்றைக்கே அதில் எழுதுகிறேன். ஜெபித்துப் பதில் சொன்ன பிறகுதான் கோடு போடுகிறேன்.

நான்கு, சனிக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம். ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கிறோமே, அதோடு போனையும் பெருக்கி வைக்கிறேன்.

சகலமும் ஒழுங்காய் நடக்க வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் (1 கொரி. 14:40). அங்கே ஒழுங்கு என்பதற்கான கிரேக்கச் சொல் 'டாக்ஸிஸ்'. போர்ச்சேவகர் அணிவகுத்து நிற்பதற்கும் அந்தச் சொல் வழங்கும். சேவகன் அணியில் நிற்பது அழகுக்காக அல்ல. அழைப்புச் சத்தம் கேட்டவுடனே புறப்படுவதற்காக. நம்முடைய போன் ஒழுங்காயிருக்க வேண்டியதும் அதற்காகத்தான்.

தோபியா அறைக்குள் இருந்தபடியால் நடந்த கேட்டை நெகேமியா அடுத்த வசனத்திலேயே சொல்லுகிறார்: லேவியருக்குக் கொடுக்கப்பட வேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை, அவர்கள் ஊழியத்தை விட்டு வயலுக்கு ஓடிப்போனார்கள் (நெகே. 13:10). அறை நிரம்பியிருந்தது, ஆனாலும் ஜனத்துக்கு ஒன்றுமில்லை! என் அறையும் நிரம்பியிருந்தது. ஒரு துண்டு அப்பமும் ஒரு மடக்கு திராட்சரசமும் கேட்டு, விடியுமட்டும் கதவைப் பார்த்திருந்த பெரியவருக்கு அவர் பங்கு போய்ச் சேரவில்லை. கர்த்தர் அவரைத் தம்முடைய பந்தியிலே உட்கார வைத்திருக்கிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனாலும் அந்தப் பங்கைக் கொண்டுபோகும் சிலாக்கியம் எனக்கு இருந்தது. நான் அதை இழந்துபோனேன்.

உங்கள் அறையில் இன்றைக்கு யாருடைய பங்கு தேங்கிக் கிடக்கிறது? ஒருவேளை உங்கள் தாயாரின் செய்தியாக இருக்கலாம். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, போனை எடுத்து, கீழே வரைக்கும் போய்ப் பாருங்கள்.

வீட்டுக் கூட்டங்களில் கலந்து பேச:

1. என் போனில் எலியாசிப்பைப் போல முகத்துக்கு அஞ்சி நான் இடங்கொடுத்தது எது?

2. நான் பதில் சொல்லாமல் விட்ட மூன்று பேர் யார்? இந்த வாரம் அவர்களை எப்படிச் சந்திப்பேன்?

3. என் வீட்டில் பத்திரமாய்ச் சேர்த்து வைக்க வேண்டிய 'பணிமுட்டுகள்' எவை?

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் கையில் நீர் கொடுத்த அறையை நாங்கள் வேண்டாதவைகளால் நிரப்பிப்போட்டோம், எங்களை மன்னியும். எறிய வேண்டியதை எறியும் பெலத்தையும், வைக்க வேண்டியதை அறியும் ஞானத்தையும் தாரும். எங்கள் சகோதரன் கூப்பிடும் சத்தத்தை நாங்கள் அந்த ராத்திரியிலேயே கேட்கும்படி எங்கள் செவியைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!